ஐந்து தந்தி பேஸை விற்றுவிட்டுப் பழைய ஜாஸ் பேஸ் வாங்கலாமா?

கேள்வி: கணக்கு வாத்தியார் (ராமமூர்த்தி நகர், பெங்களூரு)

அனைவருக்கும் வணக்கம். பள்ளியில் கணக்குப் பாடம் எடுப்பது என் தொழில். பேஸ் கிட்டார் நான்கு ஆண்டுகளாகப் பிடித்துக்கொண்ட பைத்தியம். எங்கள் குடியிருப்பைச் சேர்ந்த ஐந்து பேர் ஞாயிறு மாலைகளில் கூடி, எண்பதுகளின் தமிழ்த் திரைப்பாடல்களை வாசித்து வருகிறோம். பொங்கலுக்கும் கர்நாடக மாநில நாளான ராஜ்யோத்சவத்துக்கும் குடியிருப்போர் சங்கத்தின் கூடத்தில் வாசிப்பதோடு எங்கள் மேடைக் கச்சேரி முடிந்துவிடும். அந்தக் காலத்துப் பாடல்களில் பேஸ் என்பது தாளத்துக்குத் துணை போவதோடு நில்லாமல், பாடுபவருக்குப் பக்கத்திலேயே இன்னொரு மெட்டாக நடந்து வரும் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். என்னுடைய சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது.

என்னிடம் இருப்பது யமஹா டிஆர்பிஎக்ஸ் 305. ஐந்து தந்தி, பேட்டரியில் இயங்கும் ஆக்டிவ் வகை. அதை வாங்கிய நாளில் உடன் பணிபுரிந்த ஒருவர், தந்தி கூடினால் வசதியும் கூடும் என்று சொன்னார், நானும் நம்பிவிட்டேன். இப்போது பார்த்தால், நெக்கின், அதாவது தந்திகள் ஓடும் கழுத்துப் பகுதியின், அகலம் என் சிறிய கைக்கு ஒத்துவரவில்லை. வேகமாக ஓடும் இடங்களில் விரல் போய்ச் சேருவதற்குள் தாளம் கடந்துவிடுகிறது. ஏ தந்தியை மீட்டும்போதெல்லாம் மேலே இருக்கும் பி தந்தி, எல்லாவற்றிலும் தடித்த அந்தத் தந்தி, தானும் சேர்ந்து முனகுகிறது. இத்தனைக்கும் அந்தப் பி தந்தியை ஒரு மாதத்தில் நான் பத்து முறை தொட்டிருந்தால் அதிகம். ஒலியும் மனத்துக்கு நிறைவாக இல்லை. நண்பர் ஒருவர் கொடுத்த பத்து வாட் கிட்டார் ஆம்பில், அதாவது ஒலிபெருக்கிப் பெட்டியில்தான் வாசிக்கிறேன். 'தொம்' என்று இறங்க வேண்டிய சுரம் 'டொக்' என்று மேலோடு நின்றுவிடுகிறது.

இந்நிலையில் அல்சூரில் ஒருவர் ஃபெண்டர் நிறுவனத்தின் மலிவு வரிசையான ஸ்குவயரில், வின்டேஜ் மாடிஃபைடு ஜாஸ் பேஸ் என்ற நான்கு தந்திப் பேஸ் ஒன்றை விற்பதாக அறிந்தேன். 26,000 ரூபாய் கேட்கிறார். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது, பன்னிரண்டாம் ஃப்ரெட்டுக்கு (நெக்கில் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) மேல் தந்திகள் வழக்கத்தைவிட உயரமாக நிற்பதுபோலத் தெரிந்தது. அதைக் கேட்டதற்கு, கொஞ்சம் செட்டப் (திருகிச் சரிப்படுத்துவது) செய்தால் சரியாகிவிடும் என்று பதில் வந்தது. கொஞ்சம் என்பது எவ்வளவு என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.

நேரில் போய்ப் பார்க்கும்போது எதையெதைச் சோதிக்க வேண்டும் என்பதையும், ஐந்து தந்தியை விற்பது சரியான முடிவுதானா என்பதையும் அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். இரண்டையும் வைத்துக்கொள்ள வீட்டில் இடமும் இல்லை, அனுமதியும் இல்லை.

பதில் 1: பழைய மரம் (ஃப்ரேசர் டவுன்)

வாத்தியார் ஐயா, படத்தைப் பார்த்து விலை பேசாமல் கேள்வி கேட்டீர்களே, அதுவே பாதிக் கிணறு தாண்டியதற்குச் சமம். கடந்த பதினைந்து ஆண்டுகளில் பதினொரு பேஸ்களை வாங்கி ஒன்பதை விற்றவன் என்ற முறையில் எழுதுகிறேன். ஏமாந்த இரண்டு தடவையும் நெக்கைச் சரியாகப் பார்க்காததால்தான் ஏமாந்தேன்.

தந்தி உயரமாக இருப்பதற்குப் பல காரணங்கள் உண்டு. உடல்பக்கம் தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜில் உள்ள சிறு திருகுகளை யாரோ தூக்கி வைத்திருக்கலாம். அது இரண்டு நிமிட வேலை. நெக் முன்பக்கமாக வளைந்திருக்கலாம். உள்ளே வளைவைச் சரிசெய்வதற்காக இருக்கும் இரும்புக் கம்பியான டிரஸ் ராட் இன்னும் வேலை செய்தால் அதையும் சரிசெய்துவிடலாம். ஆனால் டிரஸ் ராட் ஏற்கெனவே முழுவதும் இறுகிய பிறகும் வளைவு நிமிரவில்லை என்றாலோ, நெக் முறுக்கிக்கொண்டிருந்தாலோ, பத்தாயிரத்துக்குக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம். படத்தில் இந்த மூன்றும் ஒரே மாதிரிதான் தெரியும்.

இதைப் பிரித்தறிவது எளிது. முதலில் சுருதி சேர்த்துவிடுங்கள். தந்தி தளர்ந்திருக்கும்போது எடுக்கும் எந்த அளவுக்கும் பொருள் இல்லை. பிறகு ஈ தந்தியை முதல் ஃப்ரெட்டில் இடக்கை விரலாலும் கடைசி ஃப்ரெட்டில் வலக்கைக் கட்டைவிரலாலும் ஒரே நேரத்தில் அழுத்துங்கள். இப்போது அந்தத் தந்தியே உங்களுக்கு அளவுகோல். ஏழாம் அல்லது எட்டாம் ஃப்ரெட்டின் தலைக்கும் தந்திக்கும் இடையே உள்ள இடைவெளியைப் பாருங்கள். ஏறத்தாழ 0.3 மி.மீ. இருந்தால் நல்லது; ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவு என்று வைத்துக்கொள்ளலாம். ஜே.சி. ரோட்டில் வண்டி உதிரிபாகக் கடைகளில் வால்வு இடைவெளி பார்ப்பதற்கான ஃபீலர் கேஜ் கிடைக்கும். கிட்டார்க்காரர்களும் அதையேதான் பயன்படுத்துகிறோம். இடைவெளி ஒரு மில்லிமீட்டரை நெருங்கினால், விற்பவர் முன்னிலையில், அவருடைய சம்மதத்தோடு, டிரஸ் ராடை வலஞ்சுழியாகக் கால் சுற்று மட்டும் திருப்பிப் பாருங்கள். இடைவெளி குறைந்தால் ராட் உயிரோடு இருக்கிறது. திருப்பவே சம்மதிக்காதவரிடம் பேச்சை வளர்க்க வேண்டாம். டிரஸ் ராடைத் திருப்பும் ஆறு பட்டைச் சாவியான ஆலன் கீ நுழையும் துளையின் ஆறு மூலைகளும் கூர்மையாக இருக்கின்றனவா, மழுங்கிவிட்டனவா என்பதை டார்ச் அடித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். மழுங்கியிருந்தால் யாரோ முரட்டுத்தனமாகத் திருகியிருக்கிறார்கள் என்று பொருள்.

முறுக்கலைக் கண்டுபிடிக்க, பேஸை உடல்பக்கமிருந்து துப்பாக்கிபோலப் பிடித்துக்கொண்டு நெக்கின் இரு ஓரங்களையும் ஒரு கண்ணால் பாருங்கள். இரண்டு ஓரமும் ஒரே அளவில் வளைந்திருந்தால் கவலை இல்லை. ஒன்று நேராகவும் மற்றொன்று வளைந்தும் தெரிந்தால் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடலாம்.

அடுத்து, ஒவ்வொரு தந்தியிலும் ஒவ்வொரு ஃப்ரெட்டையும் மெதுவாக வாசித்துப் பாருங்கள். இதற்குக் கால் மணி நேரம் ஆகும். விற்பவர் பொறுமை இழந்தால் இழக்கட்டும். வால்யூம் குமிழைத் திருப்பும்போது கரகரத்தால் பயப்பட வேண்டாம், கான்டாக்ட் கிளீனர் அடித்தால் போய்விடும். ஜாக்கில் கேபிளை ஆட்டும்போது ஒலி விட்டுவிட்டு வந்தால், எஸ்.பி. ரோட்டில் புதிய ஜாக் வாங்கிப் போட்டுவிடலாம். இவையெல்லாம் விலையைக் குறைக்கப் பயன்படும் குறைகளே தவிர, வேண்டாம் என்று சொல்வதற்கான குறைகள் அல்ல. உடலும் நெக்கும் சேரும் இடத்தில் மரத்தில் விரிசல் ஓடுகிறதா என்பதைப் பாருங்கள். பெயின்டில் மட்டும் மயிரிழைக் கீறல் இருந்தால் பொருட்படுத்த வேண்டாம். வரிசை எண் ஐசிஎஸ் என்ற எழுத்துகளில் தொடங்கினால் இந்தோனேசியாவில் கோர்ட் ஆலையில் செய்தது. அடுத்த இரண்டு இலக்கங்கள் ஆண்டைக் குறிக்கும். உங்கள் கேபிளையும் ஹெட்போன் ஆம்ப் இருந்தால் அதையும் நீங்களே எடுத்துச் செல்லுங்கள்; விற்பவரின் பெரிய ஆம்பில் எந்தப் பேஸும் அழகாகத்தான் ஒலிக்கும்.

ஜாஸ் பேஸின் நெக் உங்களுக்குப் பிடிக்கும் என்றே நினைக்கிறேன். 1960-இல் ஃபெண்டர் அதை வெளியிட்டபோதே, 1951 முதல் இருந்துவந்த பிரிசிஷன் பேஸைவிடத் தலைப்பக்கம் குறுகலான நெக்கோடுதான் வந்தது. தலைப்பக்கம் தந்திகளைத் தாங்கும் நட்டில் 38 மி.மீ. அகலம். ஐந்து தந்தி நெக்கிலிருந்து அதற்கு மாறும்போது உங்கள் இடக்கைக்கு விடுமுறை கிடைத்ததுபோல இருக்கும்.

பதில் 2: மந்தர ஸ்தாயி (ஜெயநகர்)

மேலே எழுதியவர் பேஸைச் சோதிக்கும் முறையைச் சரியாகச் சொன்னார். ஆனால் விற்க வேண்டுமா என்ற கேள்வியை அவர் தொடவே இல்லை. பதினொன்று வாங்கியவரிடம் அதை எதிர்பார்க்கவும் முடியாது.

சார், பி தந்தி முனகுவது பேஸின் குற்றம் இல்லை, வலக்கைக் கட்டைவிரலின் குற்றம். நீங்கள் கட்டைவிரலைப் பிக்கப்பின்மேல் (தந்தியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பகுதி) ஊன்றியபடியே எல்லாத் தந்திகளையும் வாசிக்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன். ஈ தந்தியை வாசிக்கும்போது கட்டைவிரல் பி தந்தியின்மேல் படுத்திருக்க வேண்டும். ஏ தந்திக்குப் போகும்போது அதுவும் ஓர் அடி இறங்கி, பி, ஈ இரண்டையும் சேர்த்துத் தொட்டபடி வர வேண்டும். விரல் எங்கே போகிறதோ அங்கே கட்டைவிரலும் பின்னாலேயே போகும். தினமும் பத்து நிமிடம் வீதம் இரண்டு வாரம் பழகினால் முனகல் நின்றுவிடும். நானும் ஆறு மாதம் பேஸையே குறை சொல்லிக்கொண்டிருந்தவள்தான்.

பி தந்தி கீழ்ச்சுரங்களுக்கு மட்டும் என்று எண்ணுவதும் சரியல்ல. அதன் ஐந்தாம் ஃப்ரெட்டில் ஈ கிடைக்கிறது. அதனால் கையை நெக்கின் நடுவிலேயே வைத்துக்கொண்டு, ஃப்ரெட்டுகள் நெருக்கமாக இருக்கும் இடத்திலேயே முழுப்பாட்டையும் வாசித்துவிடலாம். கை சிறியது என்பவர்களுக்குத்தான் இது கூடுதல் நன்மை. இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். உங்கள் பாடகர் இரண்டு கட்டையில், அதாவது டி சுருதியில், பாடுகிறேன் என்று சொன்னால், நான்கு தந்தியில் ஆதார சுருதியான கீழ் டி கிடையாது. ஈ தந்தியை இறக்கிக் கட்ட வேண்டும், அல்லது மேல்ஸ்தாயியில் வாசிக்க வேண்டும். ஐந்து தந்தியில் பி தந்தியின் மூன்றாம் ஃப்ரெட்டை அழுத்தினால் போதும்.

அமெரிக்க இசை நிறுவனமான மோட்டவுனின் பதிவுகளில் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன், 1962-ஆம் ஆண்டுப் பிரிசிஷன் பேஸ் ஒன்றில் தடித்த ஃப்ளாட்வவுண்ட் (வழவழப்பான மேற்பரப்புள்ள) தந்திகளைப் போட்டுக்கொண்டு, பெரும்பாலும் வலக்கைச் சுட்டுவிரல் ஒன்றாலேயே வாசித்தார். இருப்பதை முழுக்கத் தெரிந்துகொள்ளும் முன்பே மாற்றுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஆனாலும், நெக்கின் அகலத்தால் இடக்கை மணிக்கட்டில் வலி வருகிறது என்றால் நான் சொன்னதையெல்லாம் ஒதுக்கிவிட்டு மாற்றிக்கொள்ளுங்கள். வலி வந்தால் அதற்கு மேல் பழக்கம் பேசிப் பயனில்லை.

பதில் 3: எஸ்.பி. ரோடு பரதேசி

இருவரும் பேஸைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். கேள்வி கேட்டவர் பத்து வாட் கிட்டார் ஆம்பில் பேஸ் வாசிப்பதாக எழுதியிருக்கிறாரே, அது யார் கண்ணிலும் படவில்லையா?

ஐயா, உங்கள் 'டொக்'குக்குக் காரணம் அதுதான். ஈ தந்தியை அப்படியே மீட்டினால் எழும் அதிர்வு 41.2 ஹெர்ட்ஸ், பி தந்தி இன்னும் கீழே, 31 ஹெர்ட்ஸுக்கும் சற்றுக் குறைவு. நாற்பத்தொரு ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை காற்றில் எட்டு மீட்டருக்கும் மேல் நீளம் கொண்டது. உள்ளங்கை அகலத்து ஸ்பீக்கரால் அவ்வளவு காற்றைத் தள்ள முடியாது. அதிலிருந்து நீங்கள் கேட்பதெல்லாம் அந்தச் சுரத்தின் மேல் அடுக்குகளை மட்டுமே. அடிச்சுரத்தைக் காது தானாக ஊகித்துக்கொள்கிறது. கைப்பேசியில் பாட்டு கேட்கும்போதும் பேஸ் இருப்பதுபோலத் தோன்றுவது இதனால்தான். அந்த ஆம்பில் ஒரு லட்சம் ரூபாய்ப் பேஸைச் செருகினாலும் 'டொக்' என்றுதான் வரும். ஒலியைக் கூட்டினால் ஸ்பீக்கரின் காகிதம் கிழிவதும் உண்டு. கொடுத்த நண்பர் என்ன சொல்வார் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

டிரம்ஸ் இருக்கும் கூடத்துக்கு ஃபெண்டர் ரம்பிள் 40 பேஸ் ஆம்ப் என்றால் பத்து அங்குல ஸ்பீக்கரோடு ஓரளவுக்குச் சமாளிக்கும்; ரம்பிள் 100 பன்னிரண்டு அங்குலம், நிம்மதியாக வாசிக்கலாம். தாழ்ந்த சுரங்களைக் காது மந்தமாகத்தான் கேட்கும் என்பதால், கிட்டார்க்காரருக்குப் போதுமான வாட் உங்களுக்குப் போதாது. இரண்டிலும் லைன் அவுட் இருப்பதால், சங்கக் கூடத்தில் மிக்சர் இருந்தால் நேராக அதற்கே ஒலியை அனுப்பிவிடலாம். வீட்டில் இரவு வாசிப்பதற்கு, பேஸின் ஜாக்கிலேயே செருகிக்கொள்ளும் வாக்ஸ் ஆம்ப்ளக் பேஸ் போன்ற சிறிய ஹெட்போன் ஆம்ப் போதும். அடுக்குமாடிக் குடியிருப்பில் பெரிய ஆம்பைத் தரையில் வைத்தால், உங்கள் காதுக்கு வருவதைவிடக் கீழ்வீட்டுக்காரரின் கட்டிலுக்கு அதிகம் போகும்.

ஜாஸ் பேஸ் வாங்குவதாக இருந்தால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். அதன் இரண்டு பிக்கப்புகளும் ஒற்றைச் சுருள் கொண்டவை. இரண்டின் வால்யூமையும் முழுதாகத் திறந்தால் ஒன்றின் இரைச்சலை மற்றொன்று அடித்துவிடும். ஒன்றை மட்டும் குறைத்தால் மின்சார இரைச்சல் கேட்கத் தொடங்கும். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்; ஈ தந்தியின் மூன்றாம் ஃப்ரெட்டில் உள்ள ஜி 49 ஹெர்ட்ஸ். ஆகவே ஜி சுருதியில் வாசிக்கும்போது வீட்டு மின்சாரமே அபசுரமாகத் தம்பூரா போடும். எர்த் சரியில்லாத வாடகை வீடுகளில் இதை நிறையவே கேட்டிருக்கிறேன்.

பதில் 4: கைமாறு

விற்கும் பக்கத்தைப் பற்றி யாரும் சொல்லாததால் சுருக்கமாகச் சொல்கிறேன். வாங்கிய விலையை மறந்துவிடுங்கள். அடிபட்ட இடங்களை நீங்களே அருகில் படம் எடுத்துப் போட்டுவிட்டால் பேரம் பாதியாகக் குறையும். ஆக்டிவ் பேஸ் என்பதால் புதிய 9 வோல்ட் பேட்டரி போட்டுக் காட்டுங்கள். கேபிளைச் செருகியே வைத்திருந்தால் வாசிக்காமலே பேட்டரி தீர்ந்துவிடும் என்பதை வாங்குபவரிடமும் சொல்லிவிடுங்கள். பேஸைப் பார்க்காமலே முழு விலைக்கும் ஒப்புக்கொண்டு, தான் ராணுவத்தில் இருப்பதாகச் சொல்லி, பணம் அனுப்புவதற்கு என்று க்யூஆர் கோடு அனுப்பி ஸ்கேன் செய்யச் சொல்பவர்கள் நிச்சயம் வருவார்கள். பணம் பெறுவதற்கு யுபிஐ பின் எண்ணைப் போட வேண்டிய தேவையே கிடையாது.

கேள்வி கேட்டவர் மீண்டும்: கணக்கு வாத்தியார்

மூன்று வாரம் கழித்து வருவதற்கு மன்னிக்கவும். தேர்வுத் தாள் திருத்தும் பருவம். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

அல்சூருக்கு ஃபீலர் கேஜோடு போனேன். அந்தப் பேஸ் மேற்கு பார்த்த பால்கனிச் சுவரில், மாலை வெயில் நேராக விழும் இடத்தில், ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. ஏழாம் ஃப்ரெட்டில் இடைவெளி 0.8 மி.மீ. ஓரங்கள் இரண்டும் ஒரே அளவில்தான் வளைந்திருந்தன. விற்பவர் நல்ல மனிதர். டிரஸ் ராடைத் திருப்பச் சொன்னதும் அவரே ஆலன் கீயைத் தேடி எடுத்து வந்தார். கால் சுற்று திருப்பிவிட்டு, அவர் வீட்டம்மா கொடுத்த காபியைக் குடித்து முடித்துப் பார்த்தபோது 0.55 ஆகியிருந்தது. ஒரு வாத்தியாருக்கு எண்கள் குறைவதைப் பார்ப்பதில் இத்தனை மகிழ்ச்சி வரும் என்று நான் நினைத்ததில்லை. ஜாக் ஆடியது, ஒரு குமிழ் கரகரத்தது. இவற்றைக் காட்டி 22,500-க்கு முடித்தேன். வரிசை எண்ணில் ஐசிஎஸ்-க்குப் பின் 13 இருந்தது.

மந்தர ஸ்தாயி அவர்களுக்கு: நீங்கள் சொன்னபடி கட்டைவிரலைப் பழக்கினேன். பி தந்தி பத்தே நாளில் வாயை மூடிக்கொண்டது. அதன்பிறகு அதை விற்க மனம் வரவில்லை என்பதும் உண்மை. ஆனால் மணிக்கட்டு வலி இருந்தது. அதை முதல் பதிவில் எழுத வெட்கப்பட்டு விட்டுவிட்டேன். லிங்கராஜபுரத்திலிருந்து தேவாலயத்தில் வாசிக்கும் ஒரு கல்லூரி மாணவர் வந்தார். நெடுநெடுவென்ற விரல்கள். ஒரு மணி நேரம் வாசித்துப் பார்த்து 17,000 கொடுத்து எடுத்துப்போனார். அவர் கட்டைவிரல் யாரும் சொல்லாமலே தந்திமேல் படுத்திருந்தது. கைமாறு சொன்ன ராணுவ வீரரும் வந்தார். ஒருவர் அல்ல, இருவர்.

பத்து வாட் ஆம்பைக் கிழியாமல் நண்பரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ரம்பிள் 40 பழையதாகத் தேடிக்கொண்டிருக்கிறேன், அதுவரை ஹெட்போன்தான்.

இப்போது ஒரே ஒரு சந்தேகம். ஜி தந்தியின் ஆறாம் ஃப்ரெட்டில் மட்டும் சுரம் எழுந்த உடனே செத்துப்போகிறது. ஐந்தும் ஏழும் நன்றாக நீள்கின்றன. ஃப்ரெட் தேய்ந்ததாகவும் தெரியவில்லை. ஃப்ரெட்டில் பட்டு இரையவும் இல்லை. அல்சூரில் கவனிக்காமல் விட்டுவிட்டேனோ?

பதில் 5: பழைய மரம்

அதற்கு டெட் ஸ்பாட் என்று பெயர். என் பிழைதான், முன்பே சொல்லியிருக்க வேண்டும். ஃபெண்டர் அமைப்பிலுள்ள பேஸ்களில் ஜி தந்தியின் ஐந்துக்கும் ஏழுக்கும் இடையே எங்காவது ஓர் இடத்தில் இது இருக்கும். விலை உயர்ந்தவற்றிலும் பார்த்திருக்கிறேன். அந்தச் சுரத்தின் அதிர்வும் நெக்கின் இயல்பான அதிர்வும் ஒத்துப்போவதால், தந்தியின் வலுவை நெக் உறிஞ்சிக்கொண்டுவிடுகிறது. தச்சர்கள் பலகையை இறுக்கப் பயன்படுத்தும் சிறிய ஜி கிளாம்ப் ஒன்றை, கீழே துணி வைத்து, தலைப்பகுதியில் மாட்டிப் பாருங்கள். எடை கூடியதும் அந்த இடம் சற்றுத் தள்ளிப் போகும். இரண்டு ஃப்ரெட்டுக்கு நடுவே போய் நின்றுவிட்டால் உங்கள் அதிர்ஷ்டம். கிளாம்போடு மேடை ஏற முடியாது என்றால், அந்தச் சுரத்தை டி தந்தியின் பதினொன்றாம் ஃப்ரெட்டில் வாசியுங்கள். நான் அப்படித்தான் செய்துகொண்டிருக்கிறேன்.